மண்சரிவு எச்சரிக்கை எப்போது பொய்யாகிறது? மீரியபெத்தையும் ஒரு பழைய கணக்கும்

2014 ஒக்டோபர் 29 காலை. கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் அதன் பிறகும் அறிவித்திருந்தது. "சொன்னார்கள்தானே, ஏன் போகவில்லை?" என்று இன்றும் கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன் ஒரு கணக்கின் வரலாற்றைப் பார்ப்போம் உறவுகளே. இன்று எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவின் வரலாற்றிலும் இந்தக் கணக்குக்கு ஒரு இடமுண்டு.

இங்கிலாந்தில் தோமஸ் பேயிஸ் என்றொரு பாதிரியார் இருந்தார். 1761இல் இறந்துவிட்டார். அவர் எழுதி வைத்த கட்டுரையை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763இல் வெளியே கொண்டுவந்தார். புதிதாக ஒரு அறிகுறி தெரிந்தால், முன்பு நினைத்திருந்ததை எவ்வளவு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதிலுள்ள விடயம்.

நமது ஊருக்கு ஏற்றபடி ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 1000 கனமழை நாட்களில் 10 நாட்களில் மட்டும் மண் சரிகிறது என்று வையுங்கள். எச்சரிக்கை அந்தப் பத்தில் 9ஐச் சரியாகச் சொல்லிவிடும். மண் சரியாத 990 நாட்களில் 99 நாட்கள் வீணாக வரும். மொத்தம் 108 எச்சரிக்கை, அதில் உண்மையானது 9. அதாவது 12க்கு 1. நல்ல எச்சரிக்கைதான், ஆனாலும் 11 தடவை மக்கள் "சும்மா சொல்லி அலைக்கழித்தார்கள்" என்று திரும்பி வருவார்கள். இது யாருடைய பொய்யும் அல்ல. அரிதாக நடக்கும் விடயத்தைக் கணிப்பதன் இயல்பே அதுதான்.

ஆனால் 12க்கு 1 என்பது சின்ன ஆபத்தா? பண்டாரவளைக்குப் போகும் 12 பஸ்களில் ஒன்று பள்ளத்தில் விழும் என்று தெரிந்தால் பிள்ளையை ஏற்றிவிடுவோமா?

கணினிக்கு இப்படி யோசிக்கக் கற்றுக்கொடுப்பது இலேசாக இருக்கவில்லை. 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் இரத்தத் தொற்றுகளைக் கண்டறிய 'மைசின்' என்ற நிரலை உருவாக்கினார்கள். அதில் முழு நிகழ்தகவுக் கணக்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு விதிக்கும் எவ்வளவு நம்பலாம் என்று ஒரு எண் கொடுத்தார்கள். காரணம் உண்டு. ஆம், இல்லை என்று பதில் வரும் 30 விடயங்களைச் சேர்த்துக் கணக்கிட்டாலே நூறு கோடிக்கு மேல் சேர்க்கைகள் வரும்.

யூதேயா பேர்ல் இதற்கு வழி கண்டார். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்க்க வேண்டாம், நேரடியாகத் தொடர்புள்ளதை மட்டும் இணைத்தால் போதும் என்றார். மழை மண்ணை ஊறவைக்கிறது. ஊறிய மண் அசைகிறது. அசைந்தால் சுவர் வெடிக்கிறது, மரம் சாய்கிறது. இந்தத் தொடரில் ஒன்றைப் பார்த்தால் மற்றதை மதிப்பிடலாம். இதற்குப் பேயிஸ் வலையமைப்பு என்று பெயர். 1988இல் இதுபற்றிப் புத்தகம் எழுதினார், 2011ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

நமக்கு வரும் அறிவித்தல்களில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் அவதானம், 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேற்றம். நிச்சயமில்லாத ஒன்றை முடிவாக மாற்றப் போட்ட கோடுகள் அவை.

இனி மீரியபெத்தைக்கு வருவோம். முடிவெடுக்க ஆபத்தின் அளவு மட்டும் போதாது, போனால் என்ன இழப்பு என்ற எண்ணும் வேண்டும். சொந்தக் காணியும் வேறு வீடும் உள்ளவருக்கு 12க்கு 1 என்றால் உடனே கிளம்பலாம். தலைமுறை தலைமுறையாக உழைத்தும் ஒரு பேர்ச் காணி இல்லாத குடும்பம் எங்கே போகும்? அந்த மக்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. கணக்கின் மறுபக்கத்தில் அவர்களுக்கு யாரும் எதுவும் வைக்கவில்லை.

நாளை இதைவிடத் திறமான இயந்திரம் வரும், 12க்கு 1 என்பது 3க்கு 1 ஆகலாம். காணியை அது தராது. ஆகவே வெளியேறச் சொன்னால் வெளியேறுவோம், வீணாகப் போனாலும் சலிக்காமல் போவோம். அதோடு, எச்சரிக்கைக் கடிதம் வரும் ஒவ்வொரு தோட்டத்திலும் "எங்கே போவது?" என்பதைத் தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் கேட்போம். மழை இல்லாத மாதத்திலேயே கேட்போம்.