இலண்டன் மாநகரில் கட்சி அரசியலும் பொதுப் போக்குவரத்தும் பண்பாடும்: 1981-1986 காலப் பூசலும் அதன் தொடர்ச்சியும்

முன்னுரை

ஒரு தலைநகரின் பேருந்துக் கட்டணம் வெறும் கணக்கியல் செய்தியன்று. நகரம் யாருடையது, அதன் செலவை யார் சுமப்பது, அதை முடிவு செய்யும் உரிமை எவரிடம் உள்ளது என்னும் மூன்று வினாக்களும் அதில் அடங்கியுள்ளன. இலண்டனில் இவ்வினாக்கள் 1981 முதல் 1986 வரை தேர்தல் களத்திலும் நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் எழுந்து, இறுதியில் ஒரு மாநகர ஆட்சியமைப்பே கலைக்கப்படும் நிலைக்கு இட்டுச் சென்றன. அப்பூசலின் போக்கையும், போக்குவரத்து அதிகாரத்திற்கும் பண்பாட்டுக் கொள்கைக்கும் இடையே நிலவிய உறவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

இலண்டன் போக்குவரத்தை ஒரே குடைக்கீழ்க் கொணரும் எண்ணம் முதலில் கட்சிகளுக்கிடையே உடன்பாடாகவே உருவாயிற்று. 1929 முதல் 1931 வரை போக்குவரத்து அமைச்சராயிருந்த தொழிற்கட்சியின் ஹெர்பர்ட் மோரிசன் அதற்கான சட்ட முன்வரைவை இயற்றினார். அவருக்குப்பின் வந்த தேசியக் கூட்டரசு அதைச் சிற்சில மாற்றங்களுடன் நிறைவேற்ற, 1933இல் இலண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியம் தோன்றியது. அதன் நிருவாகி பிராங்க் பிக், போக்குவரத்தை நகரப் பண்பாட்டின் முகமாகவே கருதினார். 1916இல் எட்வர்டு ஜான்ஸ்டன் வடித்த எழுத்துருவும், 1933இல் வெளிவந்த ஹாரி பெக்கின் நிலத்தடி இரயில் வரைபடமும், சார்லஸ் ஹோல்டன் வடிவமைத்த நிலையங்களும் அந்நோக்கின் விளைவுகள். போக்குவரத்துப் பணியே நகரின் மக்கள்தொகையையும் மாற்றியது. 1956 முதல் பார்படோசிலிருந்து நடத்துநர்களும் நிலையப் பணியாளர்களும் நேரடியாகப் பணிக்கு எடுக்கப்பட்டமை இதற்குச் சான்று.

1965இல் பெருநகர இலண்டன் அவை பொறுப்பேற்றது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1970 முதல் போக்குவரத்துக் கொள்கையும் நிதிப்பொறுப்பும் அவ்வவையிடம் வந்தன. ஒருங்கிணைந்ததும் திறன்மிக்கதும் சிக்கனமானதுமான போக்குவரத்தை வளர்ப்பது அவையின் கடமை என அச்சட்டம் வரையறுத்தது. இம்மூன்று அடைமொழிகளுள் மூன்றாவதே பின்னர் வழக்கின் மையமாயிற்று.

1981: வாக்குறுதியும் வழக்கும்

1981 மே 7ஆம் நாள் நடந்த தேர்தலில் மொத்தமுள்ள 92 இடங்களுள் தொழிற்கட்சி 50 இடங்களை வென்றது. மறுநாளே அக்கட்சி உறுப்பினர்கள் ஆண்ட்ரூ மெக்கின்டோஷை நீக்கிக் கென் லிவிங்ஸ்டனைத் தலைவராகத் தெரிவு செய்தனர். கட்டணத்தைக் காற்பங்கு குறைப்பதாகத் தேர்தல் அறிக்கை கூறியிருந்தது. அதன்படி அக்டோபரில் கட்டணங்கள் சராசரியாக ஏறத்தாழ 32 விழுக்காடு குறைந்தன. இச்செலவை ஈடுசெய்யச் சொத்துவரியில் பவுண்டுக்கு 6.1 பென்ஸ் துணைவரி விதிக்கப்பட்டது. செலவு வரம்பை மீறியமையால் நடுவணரசின் மானியத்திலும் ஏறத்தாழ 5 கோடி பவுண்டு குறையுமாதலால் வரிச்சுமை மேலும் ஏறியது.

தென்கிழக்குப் புறநகரான பிரோம்லியின் கன்சர்வேட்டிவ் நகரவை இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. பிரோம்லியில் நிலத்தடி இரயில் நிலையம் ஒன்றுகூட இல்லை. தம் எல்லைக்குள் வராத வண்டிக்குத் தம் குடிமக்கள் ஏன் வரி செலுத்த வேண்டும் என்பது அவர்தம் வாதம். அதனை முற்றிலும் புறந்தள்ள இயலாது. சொத்துவரியின் பெரும்பங்கை வணிக நிறுவனங்கள் செலுத்தின. அவற்றுக்கோ வாக்குரிமை இல்லை. மறுபுறம், நகரின் நடுப்பகுதிக்கு நாள்தோறும் புறநகர்வாசிகளும் பணிக்கு வந்து சென்றனர். சாலை நெரிசல் குறைந்தால் அதன் பயன் அனைவருக்கும் உரியது என்பது அவையின் விடை.

முதல்நிலை நீதிமன்றம் அவையின் பக்கம் நின்றது. நவம்பரில் டென்னிங் பிரபு தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. டிசம்பர் 17ஆம் நாள் பிரபுக்கள் அவையின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் துணைவரி செல்லாதெனத் தீர்ப்பளித்தனர். வரி செலுத்துவோரிடம் அவைக்கு நம்பிக்கைப் பொறுப்பு உண்டு. தேர்தல் வாக்குறுதி அப்பொறுப்பினின்று அதனை விடுவிக்காது என்பது தீர்ப்பின் சாரம். 1982 மார்ச்சில் கட்டணங்கள் ஏறத்தாழ இருமடங்காயின, பயணிகள் குறைந்தனர், கார்கள் பெருகின.

எனினும் பூசல் அத்துடன் முடியவில்லை. சட்ட வரம்புக்கு இணங்கப் புதிய திட்டமொன்றை அவை வகுத்தது. அது நீதிமன்றத்தின் ஏற்பைப் பெற்றபின் 1983 மே மாதத்தில் கட்டணம் 25 விழுக்காடு குறைந்தது. பேருந்துக்கும் நிலத்தடி இரயிலுக்கும் பொதுவான, மண்டல அடிப்படையிலான பயண அட்டையும் அப்போதே அறிமுகமாயிற்று. தோல்வியினின்று பிறந்த இவ்வமைப்பே இன்றளவும் இலண்டன் கட்டண முறையின் அடித்தளமாக உள்ளது.

பண்பாட்டுக் களம்

கட்டணக் கொள்கையில் கை கட்டப்பட்டிருந்த அதே காலத்தில் அவை பண்பாட்டைத் தன் இரண்டாவது களமாக்கியது. தேம்ஸ் ஆற்றின் மறுகரையில் நாடாளுமன்றத்தை நோக்கி நின்ற கவுண்டி ஹால் கூரைமேல் இலண்டனின் வேலையற்றோர் எண்ணிக்கை பெரிதாக எழுதி வைக்கப்பட்டது. டோனி பேங்க்ஸ் தலைமையிலான கலைக்குழு, பூங்காக்களில் இசை விழாக்களை நடத்தியது. சமூகக் கலைக் குழுக்களுக்கும் சிறுபான்மையினர் அமைப்புகளுக்கும் நிதி வழங்கியது. 1951இல் கட்டப்பட்ட ராயல் பெஸ்டிவல் ஹாலின் முன்கூடங்கள் நுழைவுச்சீட்டு இல்லாதவர்க்கும் 1983 முதல் பகல் முழுதும் திறந்துவிடப்பட்டன. கட்டணக் குறைப்பின் தர்க்கமும் இதுவே: பொதுப்பணத்தால் அமைந்த ஒன்றைப் பொதுமக்கள் தடையின்றி அடைய வேண்டும். எதிர்ப்பாளர்கள் இந்நிதியுதவிகளைக் கட்சிச் சார்பான வீண்செலவு எனச் சாடினர்.

கலைப்பு

1983 பொதுத்தேர்தல் அறிக்கையில் கன்சர்வேட்டிவ் கட்சி அவையை நீக்குவதாக அறிவித்தது. 1984 ஜூனில் போக்குவரத்து அவையிடமிருந்து பறிக்கப்பட்டு நடுவணரசின் கீழ்ச் சென்றது. அதே மாதத்தில், 1985ஆம் ஆண்டுத் தேர்தலை நீக்கும் முன்வரைவில் அரசைப் பிரபுக்கள் அவை தோற்கடித்தது. நீதிமன்றமாக அமர்ந்து மாநகர அவையின் வரியை வீழ்த்திய மன்றம், சட்டமன்றமாக அமர்ந்து அதன் ஆயுளை நீட்டியது வரலாற்றின் முரண். ஆயினும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1986 மார்ச் 31 நள்ளிரவில் அவை மறைந்தது. அடுத்த 14 ஆண்டுகள் இலண்டன் முழுமைக்குமான தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி இல்லாதிருந்தது.

அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் நிலத்தடி இரயில் பெட்டிகளில் விளம்பரங்களிடையே கவிதைகளை ஒட்டும் திட்டம் தொடங்கியது. பின்னாளில் குறுந்தொகையின் 40ஆம் பாடல், ஏ. கே. இராமானுசனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அப்பெட்டிகளில் இடம்பெற்றது. முன்பின் அறியாத இரு நெஞ்சங்களின் கலப்பைப் பாடும் செம்புலப்பெயனீராரின் பாட்டு, முன்பின் அறியாதோர் அருகருகே அமர்ந்து செல்லும் வண்டியில் ஏறியது.

மீட்சி

1998 மே மாத வாக்கெடுப்பில் 72 விழுக்காட்டினர் மாநகர ஆட்சியை மீட்க ஆதரவளித்தனர். 2000இல் தம் கட்சியின் வேட்பாளரையே எதிர்த்துச் சுயேச்சையாக நின்ற லிவிங்ஸ்டன் முதல் மேயரானார். 2003 பிப்ரவரி 17இல் மையப்பகுதிக்குள் நுழையும் கார்களுக்கு 5 பவுண்டு நெரிசற்கட்டணம் நடைமுறைக்கு வந்தது. பயணியின் கட்டணத்தைக் குறைக்க வரியை நாடிய 1981இன் வழி மாறி, காரோட்டியிடமே கட்டணம் பெறும் வழி பிறந்தது.

2023இல் மாசுமிகு வண்டிகளுக்கான கட்டண மண்டலத்தை நகர் முழுதும் விரிவாக்க மேயர் சாதிக் கான் முனைந்தபோது ஐந்து நகரவைகள் வழக்குத் தொடுத்தன. அவற்றுள் ஒன்று பிரோம்லி. தமிழர் கணிசமாக வாழும் ஹாரோவும் ஒன்று. இம்முறை நீதிமன்றம் மேயரின் பக்கம் நின்றது. ஆகஸ்டு 29இல் விரிவாக்கம் நடைமுறைக்கு வந்தது.

முடிவுரை

நாற்பதாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு வழக்குகளிலும் நகரின் நடுவிற்கும் விளிம்பிற்கும் இடையிலான பிளவே கட்சிப் பிளவாக வெளிப்பட்டது. இரயில் அடர்ந்த உள்நகரும் காரை நம்பிய புறநகரும் ஒரே கொள்கையை வெவ்வேறாக உணர்ந்தன. 1981இன் அவை வாக்குறுதியை நிறைவேற்றியது. ஆனால் செலவைச் சுமக்கவிருந்த விளிம்பினரின் ஒப்புதலைப் பெறத் தவறியது. நடுவணரசோ ஒரு கொள்கையோடு கொண்ட பகைக்காக நகரின் வாக்குரிமையையே நீக்கியது. இவ்விரண்டனுள் பின்னதே பெரும்பிழை என்பதை 1998 வாக்கெடுப்பு உணர்த்துகிறது. வரியை நீதிமன்றம் வீழ்த்தலாம். ஆட்சியை நாடாளுமன்றம் கலைக்கலாம். ஆயினும் பயண அட்டையும் திறந்த முன்கூடமும் மக்களின் அன்றாட வழக்கமாகிவிட்டபின், அவற்றை எவரும் திரும்பப் பெறவில்லை.