பயறுவகைச் சாகுபடியில் உயிர் உரமும் இரசாயன உரமும்

வடசென்னை மணலியில் உள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் 1966-இல் தொடங்கப்பட்டு 1971-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அம்மோனியா, யூரியா, கூட்டு உரம் ஆகியவற்றோடு உயிர் உரங்களையும் தயாரித்து ‘விஜய்’ என்ற பெயரில் விற்கிறது. இரசாயன உரம் ஆலையில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாவது, உயிர் உரம் நுண்ணுயிர்களை வளர்த்து எடுப்பது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. உளுந்து, பாசிப்பயறு, துவரை ஆகிய பயிர்களைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை பொருந்தாது. அவற்றுக்கு இரண்டுமே வேண்டும். எது எவ்வளவு, எப்போது என்பதுதான் கேள்வி.

பயறுவகைச் செடியின் வேரில் ரைசோபியம் என்னும் பாக்டீரியா புகுந்து முடிச்சுகளை உண்டாக்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. நன்றாக வேலை செய்யும் முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது ஓய்ந்துவிட்டது என்று பொருள். மண்ணில் நைட்ரேட் மிகுந்திருந்தால் முடிச்சு உருவாவதே குறைகிறது. ஆகவே பயறுக்கு யூரியாவை அள்ளிக் கொட்டும் விவசாயி, இலவசமாகக் கிடைக்க வேண்டியதைக் காசு கொடுத்துத் தடுத்துக்கொள்கிறார். ஆனால் இந்த பாக்டீரியாவுக்கும் வேலை செய்ய ஆற்றல் வேண்டும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்றக் குறைந்தது 16 ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறுகள் செலவாகின்றன. அதற்குப் பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து, இன்றியமையாதது. மணிச்சத்து குறைந்த நிலத்தில் ரைசோபியம் மட்டும் கொடுத்தால் பலன் அரைகுறைதான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இதையே காட்டுகிறது. இறவை உளுந்துக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 25 கிலோ, மணிச்சத்து 50 கிலோ, சாம்பல்சத்து 25 கிலோ. மானாவாரிக்கு அவற்றில் பாதி. தழையைவிட மணி இரட்டிப்பாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சிறிதளவு தழைச்சத்து, முடிச்சு உருவாகும் வரை நாற்றைத் தாங்குவதற்கு. ஒரு ஹெக்டேருக்கான விதையை 600 கிராம் ரைசோபியத்தோடும், மணிச்சத்தைக் கரைக்கும் பாஸ்போபாக்டீரியா அதே அளவோடும் ஆறிய அரிசிக்கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். பூஞ்சாணக்கொல்லி நேர்த்தி செய்வதானால் அதை 24 மணி நேரம் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். உயிர் உரத்தை யூரியாவோடோ டிஏபியோடோ ஒரே கூடையில் கலந்து வீசுவது கூடாது; உப்புச் செறிவில் நுண்ணுயிர் மடியும். பூக்கும் தருணத்தில் 2 விழுக்காடு டிஏபி கரைசலைத் தெளிப்பதும் பரிந்துரையில் உண்டு. வேர் முடிச்சு தளரத் தொடங்கும் வேளையில் காய்க்குச் சத்து கிடைக்க அது உதவுகிறது.

மண்ணிலேயே ரைசோபியம் இருக்கிறதே, உயிர் உரப் பொட்டலம் எதற்கு என்று கேட்கலாம். ஆண்டுதோறும் பயறு விளையும் நிலத்தில் அந்த வாதம் ஓரளவு சரி. நீர் தேங்கிய நெல் வயலிலும், நெடுநாள் பயறு காணாத நிலத்திலும் அவற்றின் எண்ணிக்கை குறைந்திருக்கக்கூடும். இருப்பவையும் திறன் மிக்கவை என்று சொல்ல முடியாது. பொட்டலம் வேலை செய்யவில்லை என்ற குறை இன்னும் கனமானது, அதைத் தள்ளிவிடக் கூடாது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒரு கிராம் தூளில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். வெயில் காயும் கடையில் கிடந்தால் அவை மாதக்கணக்கில் தாங்காது. குறை விற்பனையிலும் சேமிப்பிலும் இருக்கிறது. அதற்காக உயிர் உரத்தையே கைவிட வேண்டியதில்லை. இரசாயன உரமே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு: பாஸ்போபாக்டீரியா மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தருமே தவிர, இல்லாத சத்தைப் படைக்காது.

மியான்மர் உளுந்து சென்னைத் துறைமுகம் வழியாக வந்திறங்குவது நெடுங்காலப் பழக்கம். நம் நிலத்தில் விளைச்சலைக் கூட்டாமல் அந்த இறக்குமதியைக் குறைக்க முடியாது. ஆனால் அதற்காகத் தழைச்சத்தை அள்ளிக் கொட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள். தேவைக்கு மேல் தழைச்சத்து வாங்கும்போது அதன் சுமையை யார் தாங்குகிறார்கள் என்பதும் கணக்கில் சேர வேண்டும். பொட்டலம் வாங்கும் விவசாயிகள் முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். கடைக்காரர் அதை எங்கே வைத்திருந்தார் என்றும் கேளுங்கள்.