நீலகிரியில் பிறக்காத நீலகிரி மரம்

போன வாரம் பையனுக்குச் சளி. பரோடாவில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் யூகலிப்டஸ் தைலம் கேட்டேன். "நீல்கிரி தேல்தானே?" என்று எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். குஜராத்தில் அந்த மரத்துக்கே நீலகிரி என்றுதான் பெயர். நம்ம மலையின் பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரே பெருமை. "எங்க ஊர் மரமாக்கும்" என்று அளந்துவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னால், "அது ஆஸ்திரேலியா மரம்ப்பா" என்று ஒரே போடாகப் போட்டான் பையன். அன்றிரவு உட்கார்ந்து படித்ததில், அவன் சொன்னதுதான் சரி.

ஊட்டியில் கற்பூர மரம் என்கிறோமே, அந்த ப்ளூ கம் மரத்தின் சொந்த ஊர் டாஸ்மேனியாத் தீவும், விக்டோரியாவின் தென்பகுதியும். 1792-இல் அங்கே போன பிரெஞ்சுத் தாவரவியலாளர் லபில்லார்டியேர்தான் இதைச் சேகரித்து, யூகலிப்டஸ் குளோபுலஸ் என்று பெயர் வைத்தவர். 60 மீட்டரையும் தாண்டி வளரும். 1962 முதல் இதன் பூ டாஸ்மேனியாவின் மாநில மலர்.

ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளுக்கு யூகலிப்டஸ் இலை பழைய கைமருந்து. 1850களில் ஜோசப் பொசிஸ்டோ என்பவர் விக்டோரியாவில் தைலம் காய்ச்சி வியாபாரமாக்கினார். ப்ளூ கம்மின் கெட்டியான மரம் கப்பலுக்கும் துறைமுகத் தூண்களுக்கும் போனது.

இனி பறவைக் கதை. ஸ்விஃப்ட் பேரட் என்று ஒரு பச்சைக்கிளி. குளிர்காலத்தை ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் கழித்துவிட்டு, வசந்தத்தில் கடல் தாண்டி டாஸ்மேனியாவுக்கு வரும். அப்போது பூக்கும் ப்ளூ கம் தேனை நம்பித்தான் குஞ்சு பொரிக்கும். கூடு கட்ட மரப்பொந்து வேண்டும். பொந்து விழ மரத்துக்கு நூறு வயதாவது ஆக வேண்டும். கிழட்டு மரங்களை வெட்ட வெட்ட, கிளிகளும் குறைந்தன. வேறு எதிரிகளும் உண்டு. 2016-இல் ஆஸ்திரேலிய அரசு அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது.

நம் மலைக்கு இந்த மரத்தை 1843-இல் கொண்டுவந்தவர் கேப்டன் காட்டன் என்ற ஆங்கிலேயர். விறகுக்காகச் சோலைகள் அழிந்துகொண்டிருந்த காலம். சீக்கிரம் வளரும், வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதால் அரசாங்கமே தோப்பு தோப்பாக நட்டது. விறகு கிடைத்தது, தைலத்தொழில் வந்தது. ஆனால் புல்வெளிகள் பல தோப்புகளுக்கு அடியில் போயின. புல்லை நம்பிய வரையாட்டுக்கு அந்தத் தோப்பில் என்ன இருக்கிறது?

பாங்கில் இருபது வருடம் இருந்துவிட்டதால் எனக்கு எதிலும் வரவு செலவு பார்க்கிற புத்தி. ஒரே மரம்தான். டாஸ்மேனியாவில் அது கிழமாக நின்றால் வரவு. நீலகிரியில் விறகு, தைலம் என்று வரவு எழுதினோம். புல்வெளியைச் செலவில் எழுத மறந்துவிட்டோம்.

மருந்துக்கடைக்காரரிடம் இன்னும் திருத்திச் சொல்லவில்லை. அடுத்த பாட்டில் வாங்கும்போது சொல்லிவிட வேண்டும்.