தட்டி வீடும் சுடாத கல்லும்

கோலார் தங்கவயலின் வரலாற்றைக் கூறுவோர், 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்துக் காவிரியிலிருந்து அங்கு மின்சாரம் வந்த பெருமையை மறவாமல் கூறுவர். அம்மின்சாரம் சுரங்க இயந்திரங்களை இயக்கிற்று. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்று தங்கம் எடுத்த நம்மவரோ, லைன்களில் மூங்கில் தட்டிக் குடிசைகளில் வாழ்ந்தனர்.

சூளையில் விறகு எரியாமல் எழுந்தவை அக்குடிசைகள். எனினும் அச்சிக்கனம் குடியிருந்தோர் விரும்பியதன்று. கம்பெனியின் செலவுக் கணக்கு விதித்தது. ஆகவேதான் தட்டியும் மண்ணும் வறுமையின் சின்னங்களாய் நெஞ்சிற் பதிந்தன.

பழி பொருளுக்கு உரியதன்று. 1974இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் தோன்றிய ‘அஸ்திரா’ என்னும் அமைப்பு, மண்ணுடன் சிறிதளவு சிமெண்டு கலந்து, கைப்பொறியால் அழுத்தி, சுடாமல் நீர் தெளித்துப் பதப்படுத்தும் கல்லைப் பரப்பிற்று. சூளைக்குரிய எரிபொருள் இதனால் மிச்சமாகிறது. தங்கவயற் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அவை விட்டுச்சென்ற சயனைடு மேட்டு மண்ணையும் கல்லாக்கலாமா என்று அவ்வூர்த் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தார் ஆராய்ந்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டனர்.

எரிபொருளைச் சிக்கனமாக்கி வீடு கட்டுதல் நன்றே. அது ஏழைக்கு மட்டும் விதிக்கப்படுவதாயின் பழைய தட்டி வீடே ஆகும். யாவரும் விரும்பி ஏற்பின் நல்வாழ்வாகும்.