விரால் (மீன்தொட்டி வளர்ப்பு)

விரால் (அறிவியல் பெயர்: சன்னா ஸ்ட்ரையேட்டா) தெற்கு, தென்கிழக்கு ஆசிய நன்னீர்நிலைகளில் வாழும் ஊனுண்ணி மீனாகும். தமிழகத்தில் விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஏரிப்பாசனப் பகுதிகளில் உணவு மீனாக நன்கு அறியப்பட்ட இது, பெரிய மீன்தொட்டிகளில் தனி மீனாகவும் வளர்க்கத்தக்கது.

தனித்து வளர்த்தல்

விரால் தன் வாய்க்குள் அடங்கும் மீன்களை விழுங்கிவிடும். தன் இனக் குஞ்சுகளையும் விடுவதில்லை. எனவே தொட்டிக்கு ஒன்றே போதுமானது. இது 1 மீட்டர் வரை வளரக்கூடியதாகையால், குஞ்சின் அளவைக் கொண்டு தொட்டியைத் தேர்ந்தெடுத்தல் கூடாது.

இம்மீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும். மேற்பரப்பை எட்ட இயலாவிடில் தூய நீரிலும் மூச்சுத்திணறி இறந்துவிடும். ஆகவே நீர்மட்டத்திற்கும் மூடிக்கும் இடையே காற்றிடைவெளி தேவை. துள்ளி வெளியேறும் இயல்பினால் மூடி கனமாக இருத்தல் வேண்டும்.

சூழல்

தொட்டிக்கு அடங்காது வளரும் அயல்நாட்டு ஊனுண்ணி மீன்களை ஏரிகளில் விடுவதால் உள்ளூர் மீனினங்கள் பாதிக்கப்படுகின்றன. வட அமெரிக்காவைச் சேர்ந்த அலிகேட்டர் கார் மீன் 2023ஆம் ஆண்டு காஷ்மீரின் தால் ஏரியில் கண்டறியப்பட்டது. விரால் தமிழக நீர்நிலைகளுக்கு உரிய இனமாதலால் இங்கு அயலினமாகப் பரவும் இடர் இதற்கில்லை. எனினும் பிற நாடுகளில் நிலை வேறு: ஐக்கிய அமெரிக்கா விரால் குடும்ப மீன்களின் இறக்குமதியை 2002இல் தடை செய்தது. தொட்டியில் வளர்ந்த விராலும் நோய்களைப் பரப்பக்கூடுமாதலால் அதனை ஏரியில் விடுதல் தகாது.