தோற்றாலும் துவளாத ஜானி கேரி

பந்து என்றால் நம் பிள்ளைகளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். மணி அடித்ததும் திடலுக்கு ஓடுகிற மாணவச் செல்வங்களும், அவர்களைப் பெற்றவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய ஒருவர் ஜானி கேரி.

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் 1919-ஆம் ஆண்டு பிறந்தவர் இவர். அங்கே செயின்ட் ஜேம்ஸ் கேட் என்னும் குழுவில் ஆடிக்கொண்டிருந்தார். அது மது ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட குழு. 1936-இல், அவருக்குப் பதினேழு வயதானபோது, மான்செஸ்டர் யுனைடெட் குழு 250 பவுன் கொடுத்து அவரை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொண்டது. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆட வேண்டிய வயதில் கேரி பட்டாளத்தில் சேர்ந்து இத்தாலி வரை போனார். திரும்பி வந்தபோது யுனைடெட்டின் திடல் குண்டு விழுந்து பாழாகிக் கிடந்தது. பக்கத்துக் குழுவின் திடலில்தான் ஆட வேண்டியிருந்தது.

அந்தக் குழுவுக்குக் கேரி தலைவரானார். 'எனக்கு இந்த இடம்தான் வேணும்' என்று அடம்பிடிக்காதவர். தற்காப்பு, நடுவரிசை, தாக்குதல் எதுவானாலும் ஆடுவார், கோல்காவலராகவும் நின்றிருக்கிறார்! 1948 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் பிளாக்பூல் 2–1 என்று முந்திக்கொண்டது. கேரியின் குழு பதறவில்லை. கடைசி இருபது நிமிடங்களில் மூன்று கோல் போட்டு, 4–2 என்று வென்றது. 1949-இல் எவர்டன் குழுவின் திடலில் அயர்லாந்து இங்கிலாந்தை 2–0 என்று வீழ்த்தியபோதும் அவரே தலைவர். 1952-இல் யுனைடெட் லீக் பட்டமும் பெற்றது.

1953-இல் ஓய்வு பெற்று நிர்வாகியானார். 1958-இல் பிளாக்பர்ன் குழுவை முதல் டிவிஷனுக்கு ஏற்றினார். பிறகு எவர்டன் அவரை அழைத்தது. 1960–61 பருவத்தில் அக்குழு ஐந்தாம் இடம் பிடித்தது. போருக்குப்பின் அதுவரை அதற்குக் கிடைக்காத இடம் அது! ஆனால் மேலிடத்துக்கு அது போதவில்லை. பருவம் முடியுமுன்பே, லண்டனில் டாக்சியில் போய்க்கொண்டிருக்கும்போது, வேலை போய்விட்டதென்று குழுவின் சேர்மன் ஜான் மூர்ஸ் கேரியிடம் சொல்லிவிட்டார். தடுமாறுகிற நிர்வாகிகளைப் பார்த்து 'டாக்சி!' என்று ரசிகர்கள் கேலி செய்வது இதிலிருந்து வந்தது என்பார்கள்.

வேறு யாராவது இருந்தால் மூலையில் முடங்கியிருப்பார். கேரி, லேட்டன் ஓரியண்ட் என்ற சின்னக் குழுவுக்குப் போனார். அடுத்த ஆண்டே, 1962-இல், அது முதல் டிவிஷனுக்கு ஏறியது. அதன் வரலாற்றில் அந்த ஒரு தடவைதான். மறு ஆண்டே இறங்கியும்விட்டது. அப்போதும் அவர் சோரவில்லை. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் குழுவுக்குப் போய், 1967-இல் அதை லீக்கில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். முதலிடம் யாருக்கு? அவர் ஆடி வளர்ந்த யுனைடெட்டுக்கே! 1995-இல் அவர் மறைந்தார்.

வேலை போகும் வலியைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டம் கைமாறியதால் லயத்தைக் காலி செய்துவிட்டு வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களும் எழுந்து நின்றவர்கள்தாம்.

பெற்றோர்களே, இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளை வாயார வாழ்த்துவோம். வெறுங்கையோடு வீடு திரும்பும் பிள்ளையை ஏசாதீர்கள். ஐந்தாம் இடம் போதாதென்று கேரியை அனுப்பியவர்கள் செய்ததை நம் வீட்டில் நாம் செய்ய வேண்டாம். மாணவச் செல்வங்களே, அடுத்த ஆண்டும் பரிசு உண்டு, முயன்று பாருங்கள்!