ஐந்து பேர் வேலை ஒருவர் கையில்

"மலருக்கு ஒரு கட்டுரை கொடுப்பா. கவிதை வேண்டாம், உனக்குத் தெரிஞ்சதை எழுது" என்றார் நம் சங்கச் செயலாளர். எனக்குத் தெரிந்தது இயந்திரவியல். அதை விட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் தனி ஆளாக வீடியோ எடுத்து, வெட்டி, ஒட்டி, யூட்யூபில் ஏற்றுவது. இந்த வேலை ஒருவர் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்ற வரலாற்றைச் சொல்கிறேன். நான் செய்த தவறு ஒன்றும் அதில் உண்டு.

படத்தொகுப்பு கத்தரியிலும் பசையிலும் தொடங்கியது. 1924-இல் மூவியோலா இயந்திரம் வந்த பிறகுதான் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே வெட்ட வழி பிறந்தது. அந்தக் காலத்து ஒழுங்கு ஒன்றைக் கவனியுங்கள். கேமராவில் ஓடிய நெகட்டிவை எடிட்டர் தொடவே மாட்டார். அதிலிருந்து ஒரு பிரதி போட்டு, அதைத்தான் வெட்டுவார். எந்தத் துண்டு எந்த டப்பாவில் என்று குறித்து வைக்க ஓர் உதவியாளர். முடிவானபின் நெகட்டிவை வெட்ட ஒருவர். ஒலிக்கு ஒருவர், லேபில் ஒருவர். ஆக, ஐந்து பேர்.

1956-இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் வீடியோ டேப் பதிவுக் கருவியைக் கொண்டுவந்தது. முதலில் டேப்பையும் பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். பிறகு ஒரு டெக்கிலிருந்து இன்னொரு டெக்குக்குப் பதிந்து தொகுக்கும் முறை வந்தது. நம் வீட்டுக் கல்யாணக் கேசட்டுகள் அப்படித் தயாரானவைதான். நடுவில் பெரியப்பா படத்தைச் சேர்க்க வேண்டுமென்றால், அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் மறுபடி பதிய வேண்டும்! பிரதிக்குப் பிரதி படமும் மங்கிப்போகும்.

1989-இல் வெளிவந்த ஏவிட் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. காட்சிகள் கம்ப்யூட்டருக்குள் போனதால் எதையும் எங்கும் நகர்த்த முடிந்தது. 1991-இல் அடோபி பிரீமியர் வந்தது. 1995-இல் டிவி என்ற டிஜிட்டல் டேப் முறை வந்தது. ஒரு மணி நேரப் பதிவுக்குச் சுமார் 13 ஜிபி. 1999-இல் ஃபைனல் கட் புரோவும் ஐமூவியும் வந்தபோது எடிட்டிங் அறை மேஜைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

மிச்சமிருந்தது வெளியிடும் வழி. 2005 ஏப்ரல் 23 அன்று யூட்யூபின் முதல் வீடியோ ஏறியது. நீளம் 19 விநாடி. நான் விடுதியில் இருந்த 2008-இல் ஒரு வீடியோவுக்குப் பத்து நிமிடம்தான் வரம்பு. நம் கலைவிழா நாடகத்தை மூன்று துண்டாக்கி, பிரவுசிங் சென்டரில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஏற்றினோம். மறுநாள் தேர்வு எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

இன்று ஐந்து பேர் வேலையையும் ஒருவரே செய்கிறார். ஆனால் வேலை வந்து சேர்ந்த அளவுக்கு ஒழுங்கு வந்து சேரவில்லை. இதை நான் கற்றது ஒரு நஷ்டத்தில்.

நமக்கு லேத் சொல்லிக்கொடுத்த அண்ணனைப் பலருக்கு நினைவிருக்கும். சத்தத்தைக் கேட்டே, "டூல் மழுங்கிடுச்சு, நிறுத்துடா" என்பார். அவர் ஓய்வு பெற்றபின் வீட்டுக்குப் போய் நாற்பது நிமிடம் பேட்டி எடுத்தேன். லேத் பற்றிய ஆறு நிமிடத்தை மட்டும் வெட்டி வெளியிட்டேன். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று மீதியை அழித்துவிட்டேன். மறுவருடம் அவர் காலமானார். அவர் மகள் போனில் கேட்டார்: "அண்ணா, அப்பா பேசினது முழுசா இருக்கா?" அழித்த பகுதியில்தான் அவர் தன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியிருந்தார். என்னிடம் பதில் இல்லை.

யூட்யூபிலிருந்து திரும்ப எடுத்தாலும் அந்த ஆறு நிமிடம்தான் வரும். அதுவும் அவர்கள் சுருக்கிய பிரதி.

அதன்பிறகு பழைய ஐந்து பேரையும் என் மேஜைக்கு அழைத்துக்கொண்டேன். கேமரா கார்டை முதலில் இரண்டு டிஸ்குகளில் பிரதி எடுக்கிறேன்; அதுதான் என் நெகட்டிவ், அதைத் தொடுவதில்லை. எடை குறைந்த பிராக்ஸி பிரதியில் வெட்டுகிறேன். ஒவ்வொரு கோப்புக்கும் தேதியும் பெயரும் எழுதுகிறேன். படத்தைப் பார்க்காமல் ஒருமுறை ஒலியை மட்டும் கேட்கிறேன். வீடியோவை முதலில் பொதுவில் விடாமல் ஏற்றி, வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்கிறேன். வெளியிட்ட பிறகு அதே முகவரியில் வேறு கோப்பை மாற்றி வைக்க முடியாதே!

படிக்கும் தம்பி தங்கைகளே, இந்தச் சந்திப்பில் நீங்களும் போனில் படம் எடுப்பீர்கள். வெளியிடுவதைச் சுருக்கமாக வெளியிடுங்கள். எடுத்ததை மட்டும் அழித்துவிடாதீர்கள். எந்த நிமிடத்தை யார் தேடி வருவார்கள் என்று வெட்டும்போது நமக்குத் தெரிவதில்லை.